மண்ணில் விளையாட விடுங்கள்



இந்த முறை என் பிழை ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். எந்நேரமும் பிள்ளைகளின் பிழைகளையே திருத்திக்கொண்டிருக்கும் ஆசிரியை, தன் பிழையையும் ஒரு நாள் சொல்லத்தானே வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலை நேரம். லயத்து வீடுகளின் பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். வாழை மரத்தடியில் மூன்று சிறுமிகள் கூட்டாஞ்சோறு ஆக்கிக்கொண்டிருந்தார்கள். மண்தான் சோறு, செம்பருத்தி இலைதான் கீரை. "டீச்சருக்கும் போடுடி" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி சிரட்டையில் சோறு வைத்தாள். பிறகு ஒரு சிறிய மூடியில் தண்ணீர் ஊற்றி, "குடிங்க டீச்சர்" என்று நீட்டினாள். வாங்கிய என் கை நடுங்கிவிட்டது. அது புல்லுக்கு அடிக்கும் மருந்துப் போத்தலின் மூடி. போத்தலும் அங்கேதான் வாழைக்கன்று ஓரமாகக் கிடந்தது. அடியில் கொஞ்சம் மருந்தும் மிச்சமிருந்தது.

நல்ல காலம், யாரும் அதை வாயில் வைக்கவில்லை. மூவரையும் குழாயடிக்கு அழைத்துப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன். ஆனால் மனப் பதற்றம் தீரவில்லை. அடுத்து நடந்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, "பள்ளி விட்டு வந்தால் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். பெற்றோர்களும் டீச்சர் சொல்லைத் தட்டவில்லை.

அதுதான் என் பிழை.

இரண்டு மாதம் கழித்து, மூடியை நீட்டிய அதே சிறுமி வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் ஓயாமல் கேள்வி கேட்பவள் அவள். அவளுடைய தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குபவர். வழியில் அவரைப் பார்த்தபோது, "ஏங்கம்மா, பிள்ளை ராத்திரியில தூங்குதா இல்லையா?" என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு உள்ளேயே போனைப் பாத்துக்கிட்டுக் கெடக்குது டீச்சர். நீங்கதானே வெளியில விட வேணாம்னு சொன்னீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. போத்தலை அகற்றச் சொல்லியிருக்க வேண்டிய நான், பிள்ளையை அகற்றச் சொல்லிவிட்டேன்.

விளையாட்டு என்பது பாடம் முடிந்த பிறகு கிடைக்கும் மிட்டாய் அல்ல. அது பிள்ளைக்குச் சோறு போன்றது. 5 வயது முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலை நன்றாக அசைத்து ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வழிகாட்டியது. கண்ணுக்கும் வெளிச்சம் வேண்டும். பகல் வெளிச்சத்தில் நாளும் இருந்து பழகும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று கண் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் தைவான் நாடு 2010-ஆம் ஆண்டு முதல், பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வகுத்து நடத்தியது. பட்டணத்து அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதற்கு இடம் தேடிப் போக வேண்டும். நமக்கோ பின்கதவைத் திறந்தால் இடம் இருக்கிறது.

முதலில் இடத்தைச் சீர்செய்வோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டின் பின்புறத்தைச் சுற்றி வாருங்கள்.

மருந்துப் போத்தல், டின், மருந்து கலக்கிய வாளி எதுவும் வீட்டுப் பக்கம் இருக்கக் கூடாது. காலிப் போத்தலை மும்முறை அலசி, ஓட்டை போட்டு, தோட்டத்து ஸ்டோரில் ஒப்படைத்துவிடுங்கள். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லியை 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் மற்றக் களைக்கொல்லிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எங்கோ மூலையில் பழைய போத்தலும் கிடக்கலாம்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்குக் கொடுப்பதையும் நாம் "மருந்து" என்கிறோம். புல்லுக்கு அடிப்பதையும் "மருந்து" என்கிறோம். பிள்ளைக்கு எப்படி வேற்றுமை தெரியும்? இன்று முதல் புல்லுக்கு அடிப்பதை "நஞ்சு" என்றே வீட்டில் சொல்லுங்கள். தப்பித் தவறி ஒரு பிள்ளை அதைக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பழைய டயர், டின், சிரட்டை ஆகியவற்றில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒரு முறை கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். டிங்கிக் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஒரு வாரம் பத்து நாள் போதும். செம்பனை மட்டையில் முள் இருக்கும், அதை ஒதுக்கிவிடுங்கள். காலில் புண் இருந்தால் மூடிக் கட்டி, செருப்பு போட்டு அனுப்புங்கள். எலி நடமாடும் கால்வாயில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். எலிக் காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது.

இவ்வளவுதான். இனி, பிள்ளைகளை வெளியே விடலாம்.

ஒரு வெள்ளி கூடச் செலவில்லாத விளையாட்டுகள்

கடைப் பொம்மை வாங்கித் தர முடியவில்லையே என்று ஏங்க வேண்டாம். டென்மார்க் நாட்டில் சோரன்சென் என்ற பூங்கா வடிவமைப்பாளர், அழகான விளையாட்டுத் திடலை விட்டுவிட்டு, கட்டடம் கட்டும் இடத்தில் கிடக்கும் பலகையோடும் கல்லோடும் பிள்ளைகள் ஆசையாக விளையாடுவதைக் கவனித்தார். அவருடைய யோசனைப்படி 1943-இல் கோப்பன்ஹேகன் நகரத்து எம்ட்ரப் பகுதியில் பழைய பலகை, டயர், செங்கல் கொண்டே ஒரு திடல் திறக்கப்பட்டது. பிறகு மற்ற நாடுகளும் அதைப் பின்பற்றின. நம் வீட்டுப் பின்புறத்தில் அந்தச் சாமான்கள் சும்மாவே கிடக்கின்றன!

அணை கட்டுதல்: மழை விட்டதும் வாசல் மண்ணில் சிறு ஓடைகள் ஓடும். கல், மண், வாழைமட்டை கொண்டு அதற்கு அணை போடச் சொல்லுங்கள். அணை உடையும். மறுபடி கட்டுவார்கள். எந்த மண் கரைகிறது, எந்த மண் நிற்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஒரு மைலோ டின் நிரம்ப எத்தனை சிரட்டைத் தண்ணீர் வேண்டும் என்று முதலில் ஊகித்துவிட்டுப் பிறகு ஊற்றிப் பார்க்கட்டும். விளையாட்டு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவட்டும்.

மண்ணில் பல்லாங்குழி: பலகை எதற்கு? நிலத்திலேயே வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசைக் குழி தோண்டுங்கள். குழிக்கு 5 கொட்டை என்றால் 14 குழிக்கு 70 கொட்டை. பால்மரக் கொட்டை இதற்கு நன்றாக இருக்கும். ஒரு பால்மரக் காய் வெடித்தால் பெரும்பாலும் மூன்று கொட்டை விழும். அப்படியானால் 70 கொட்டைக்கு எத்தனை காய் வேண்டும்? மூன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணி, "இருபத்து நாலு டீச்சர், ரெண்டு கொட்டை மிச்சம்" என்றான். கரும்பலகையில் இதே கணக்கைப் போட்டபோது விழித்தவன் அவன்! மலாய் நண்பர்களின் சொங்காக் ஆட்டத்தில் குழிக்கு 7 வைப்பார்கள். அப்போது எத்தனை கொட்டை வேண்டும் என்று கேளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: பால்மரக் கொட்டையின் பருப்பில் நஞ்சு உண்டு. அதைக் கடிக்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள். வாயில் போடும் வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் கொட்டையே வேண்டாம். பால்மரம் இல்லாத தோட்டத்தில் புளியங்கொட்டை போதும்.

நிழல் மணிக்கூண்டு: மரம் மறைக்காத இடத்தில் முழ நீளக் குச்சி ஒன்றை நேராக நடுங்கள. விடுமுறை நாளில் காலை 9 மணி முதல் ஒவ்வொரு மணிக்கும் நிழலின் நுனியில் ஒரு கல்லை வைக்கட்டும். நிழல் மிகவும் குட்டையாவது எப்போது என்று கேளுங்கள். "பன்னிரண்டு மணிக்கு" என்று பெரியவர்களே சொல்வார்கள். கோலாலம்பூர் பக்கத்தில் அது ஏறக்குறைய 1.15-க்குத்தான் நடக்கும்! 1982 ஜனவரி முதல் நாளன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததும் இதற்கு ஒரு காரணம். நாம் கடிகாரத்தைத் திருப்பலாம். சூரியனைத் திருப்ப முடியாதல்லவா? மார்ச் மாதக் கடைசியிலும் செப்டம்பர் மாத நடுவிலும் அங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், அந்த நேரத்தில் குச்சிக்கு நிழலே இருக்காது. வெயிலில் நின்றுகொண்டிருக்க வேண்டாம். கல்லை வைத்துவிட்டு நிழலுக்கு வந்துவிடட்டும்.

பாக்கு மட்டை வண்டி: நம் பாட்டன்மார் காலத்து வண்டி. விழுந்த பாக்கு மட்டையில் ஒருவர் உட்கார, இன்னொருவர் இழுக்க வேண்டும். கல்லில்லாத புல் தரையாக இருக்கட்டும். முறை வைத்து இழுக்கும்போது, தனக்கு மட்டும் என்ற குணம் தானாகக் குறைகிறது.

எனக்கென்று ஒரு பாத்தி: ஜெர்மனி நாட்டு ஆசிரியர் ஃப்ரோபெல், 1840-இல் தம் சிறுவர் பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். அதற்குக் "குழந்தைகளின் தோட்டம்" என்றே பொருள். பிள்ளைக்குப் பிள்ளை ஒரு பாத்தி இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நீங்களும் பாய் அளவு நிலம் கொடுங்கள். கங்குங் கீரைத் தண்டை நட்டால் மூன்று நான்கு வாரத்தில் கறிக்கு ஆகும். ஐந்தாறு நீளக் கம்புகளை வட்டமாக நட்டு, உச்சியைச் சேர்த்துக் கட்டி, அடியில் பயற்றங்காய் விதை போட்டால், கொடி ஏறி ஒரு பச்சைக் குடிசை உண்டாகும். உள்ளே உட்கார்ந்து கதை பேசலாம். மேலே காய் பறிக்கலாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு: தொட்டாற்சுருங்கியைத் தொட்டுவிட்டு, இலை மறுபடி விரிய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை.

பெரியவர்கள் செய்ய வேண்டியது

பார்வை மட்டும் பிள்ளைகள் மேல் இருக்கட்டும், வாய் வேண்டாம். "அணையை அப்படிக் கட்டாதே, இப்படிக் கட்டு" என்று நாம் சொல்லத் தொடங்கினால் அது நம் அணையாகிவிடும். உடுப்பில் சேறு பட்டதற்கு அடிக்காதீர்கள். விளையாட்டுக்கென்று ஒரு பழைய உடுப்பை ஒதுக்கி வையுங்கள். வேலைக்குப் போய்க் களைத்து வரும் உங்களிடம் தினமும் நேரம் எங்கே என்பீர்கள். லயத்தில் நான்கு வீட்டார் சேர்ந்து நாளுக்கு ஒருவராக மாலை ஐந்து முதல் ஆறு வரை வாசலில் உட்கார்ந்தால் போதும். அந்த நேரம் டிங்கிக் கொசு கடிக்கும் நேரமாகையால், பிள்ளைகளுக்குக் கை நீளச் சட்டை போட்டுவிடுங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நான் மறுபடியும் எழுந்து நின்றேன். "அன்று நான் சொன்னது தவறு" என்றேன். சொல்லச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. அந்த ஞாயிறு, லயத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பின்புறத்தைச் சுத்தம் செய்தார்கள். இரண்டு கோணி நிறையப் போத்தலும் டின்னும் சேர்ந்தன.

பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். அதே வாழை மரத்தடி. அதே கூட்டாஞ்சோறு. புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு சின்னப் பையன் எங்கிருந்தோ ஒரு மூடியைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். நம் சிறுமி எட்டிப் பார்த்து, "கீழ போடுடா தம்பி, அது நஞ்சாக்கூட இருக்கும். வா, கை கழுவலாம்" என்று அவனைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து எனக்குச் சிரட்டையில் சோறு வைத்தாள்.

வயிறு நிறைந்துவிட்டது.

இந்த வாரமே உங்கள் பின்கதவைத் திறந்து வையுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.