டிஸ்க் விற்கும் வேலை

சென்னை ரிச்சி தெருவில் ஒரு வீடியோ கேம் கடையில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா என்று கேட்கிறான் அக்கா மகன். “கேம்னா எனக்கு உயிர் மாமா” என்பதுதான் அவன் சொன்ன ஒரே காரணம். அது போதாது. மிட்டாய்க் கடையில் வேலை பார்ப்பவன் மிட்டாய் தின்றுகொண்டிருக்க முடியுமா? நாளெல்லாம் நின்றுகொண்டு, பழைய டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிக் கீறல் பார்த்து விலை பேச வேண்டியிருக்கும். அந்த டிஸ்க்குக்கே ஆயுள் குறைந்துகொண்டு வருகிறது. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இலேயே டிஸ்க் போட இடமில்லாத ஒரு மாடல் உண்டு. 2024-இல் வந்த புரோ மாடலுக்கு டிரைவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். டவுன்லோடு செய்த கேமைப் பழசாக யாரிடமும் விற்க முடியாது. கடைக்காரர் பிழைப்பு அங்கேதான் இடிக்கிறது. ஆனாலும் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சூடாகி அணைந்துபோகும் கன்சோலைப் பிரித்துத் தூசி தட்ட, தெர்மல் பேஸ்ட் மாற்ற, தொடாமலே நகர்ந்ததாகக் காட்டும் கன்ட்ரோலர் ஸ்டிக்கைக் கழற்றிப் புதியதைச் சால்டர் வைக்க அங்கே கற்றுக்கொள்ளலாம். எல்லாம் டவுன்லோடு ஆனாலும் கன்ட்ரோலர் கீழே விழத்தானே செய்யும்! சர்வீஸ் மேசையில் உட்கார விடுவாரா என்று முதலாளியிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். சம்பளத்தையும்தான்.