ரோபோ ஒரு வாரம் பொறுக்கட்டும்!

லீவுக்குப் பிள்ளைக்கு ஆர்டுயினோ யூனோ போர்டு வாங்கித் தருகிறீர்களா? முதல் நாளே ரோபோ செய்யத் துடிப்பார்கள். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள், ரோபோ எங்கும் ஓடிப்போகாது.

போர்டிலேயே 13-ம் பின்னோடு இணைந்த குட்டி எல்.இ.டி இருக்கிறது. யு.எஸ்.பி கேபிள் போதும், வேறு வயரே வேண்டாம். அதைச் சிமிட்ட வைக்கும் 'பிளிங்க்' புரோகிராம் ஆர்டுயினோ மென்பொருளிலேயே தயாராக இருக்கும். அதில் 1000 என்றால் ஒரு விநாடி. 100 ஆக மாற்றினால் விளக்கு படபடக்கும். தான் தட்டிய எண்ணுக்கு ஒரு பொருள் கட்டுப்படுவதைப் பிள்ளை பார்ப்பது அங்கேதான்.

புரோகிராமில் தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம். வயரிங்கில் தப்பு வந்தால் சிப்பே போய்விடலாம். மோட்டாரை நேராகப் பின்னில் செருக விடாதீர்கள். ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியர்தான் கணக்கு. பொம்மை மோட்டார் பல மடங்கு கேட்கும். நடுவே டிரைவர் போர்டு வேண்டும். தனி எல்.இ.டி மாட்டுவதானால் 220 ஓம் ரெசிஸ்டரும் வாங்கிவிடுங்கள், சில்லறைக் காசுதான்.