ஊசி மந்திரம்

தாயத்தைக் கண்டு சிரிக்கிற நம் பட்டணத்துக் கனவான்கள் இப்பொழுது கொழுப்பு கரைக்கும் "சத்து ஊசி"க்குக் காசைக் கொட்டுவதை என்னவென்று சொல்வது? தாயத்தாவது மலிவு!

நாம் ஊசிக்கு விரோதிகளல்ல. பி12 குறைந்து சோகை கண்டவனுக்கு அந்த ஊசி உயிர் மருந்து. குறையில்லாதவனுக்கோ மிச்சமெல்லாம் மூத்திரத்தில் போகிறது. கொழுப்பு போவதாக ருஜு கிடையாது. செமாக்ளுடைட் என்னும் பெப்டைட் ஊசி பசியை அடக்கி எடையைக் குறைப்பது மெய்தான். 2021-இல் வெளியான பரீட்சையில் 68 வாரத்தில் சராசரி 15 சதவிகிதம் குறைந்தது. ஆனால் ஊசியை நிறுத்திய ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிற்று. இதை எத்தனை தரகர்கள் வாய் திறந்து சொல்லுகிறார்கள்? மனிதரிடம் சரிவரப் பரீட்சிக்கப்படாத பி.பி.சி.-157 போன்ற சரக்கையும் அதே பெப்டைட் என்ற பெயரைக் காட்டியே தள்ளுகிறார்கள். மெய்யின் போர்வையில் பொய்யை விற்பது புரோகிதனின் பழைய வித்தையல்லவா?

ஜவ்வாது மலைத்தொடரைப் பாருங்கள். 2023 மே மாதத்தில் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. அதற்கு வேண்டியிருந்ததும் ஓர் ஊசிதான்: விஷமுறிவு ஊசி, சந்தேகத்திற்கிடமில்லாத ஊசி. பாதையில்லாத குறையால் ஆஸ்பத்திரி சேருமுன் குழந்தை செத்தது. பிணத்தைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸும் பாதி வழியில் நின்றுவிட, தாயே சுமந்து நடந்தாள்.

ஜவ்வாது மலைச் சாமையை "உடம்பு இளைக்கும்" என்று வாங்கித் தின்னும் கனவான்களே! சாமை இறங்கி வருகிற மலையில் ஊசி ஏறாதது ஏனென்று உங்கள் சட்டசபை மெம்பரை ஒரு நாளாவது கேட்டதுண்டா?