சுன்னத்துக் காயத்தைச் சுன்னத்துக் காயமென்றே எழுதுங்கள்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் தொடக்கம் பொத்துவில் வரை இலங்கையின் கிழக்குக் கரையோரத்தில், பாடசாலை விடுமுறை விட்டால் சுன்னத்துக் கலியாணங்களும் தொடங்கிவிடும். ஷாஃபி மத்ஹபில் இது வாஜிப். அதில் எமக்கு மறுபேச்சு இல்லை. அந்தக் கடமை நிறைவேறும்போது பிள்ளைக்குக் காயம் பட்டால் அவனுக்கு என்ன சிகிச்சை கிடைக்கிறது, அது ஏட்டில் எப்படிப் பதிவாகிறது என்பவற்றையே இந்த அறிக்கையில் பேசுகிறோம்.

அரச வைத்தியசாலை விடுதிகளில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களின் நோய்கள் ஐசிடி-10 என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டுக் குறிகளாக மாற்றப்பட்டு, சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போகின்றன. குறி போடுபவர் பிள்ளையைப் பார்ப்பதில்லை, சீட்டில் வைத்தியர் எழுதிய சொல்லைத்தான் பார்க்கிறார். ‘ஆணுறுப்பில் காயம்’ என்று எழுதினால் அது எஸ் 31.2. சைக்கிளால் விழுந்து அடிபட்டவனும் அதே கணக்கில்தான் வருவான். ‘சத்திரசிகிச்சைக்குப் பின் குருதிப்பெருக்கு’ என்றால் ரி 81.0. எந்த வெட்டால் வந்தது என்பது அதிலும் தெரியாது. நோயேதும் இல்லாமல் வழமைக்காகவோ மார்க்கத்துக்காகவோ செய்யும் சுன்னத்துக்கு இசட் 41.2 என்ற குறி இருக்கிறது. அப்படியிருக்க, ‘முன்தோல் இறுக்கம்’ என்று எழுதினால் சுகதேகியான பிள்ளை என் 47 நோயாளி ஆகிவிடுகிறான்.

சுன்னத்தால் வரும் சிக்கலுக்கென்று ஐசிடி-10இல் தனிக்குறி கிடையாது. அதனால்தான் சீட்டில் எழுதும் சொல் முக்கியம். ‘சுன்னத்துக்குப் பின் குருதிப்பெருக்கு, இரண்டாம் நாள், செய்தவர் ஒஸ்தா’ என்று எழுதினாலே போதும். செய்தவர் பரம்பரையாகச் சுன்னத்துச் செய்யும் ஒஸ்தா அல்லாமல் வைத்தியர் என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். குடும்பத்தின் மானம் கருதிச் சொல்லை மழுப்ப நினைப்பவர்களின் நல்லெண்ணம் எமக்கு விளங்குகிறது. ஆனால் மழுப்பிய சொல்லால் அடுத்த பிள்ளைக்குப் பாதுகாப்பு வராது.

சிகிச்சையில் எமது நிலைப்பாடு இது: முதலில் குருதியை நிறுத்துங்கள், விசாரணை பிறகு. வாப்பாவையோ உம்மாவையோ ஏசினால், அடுத்த முறை அந்தக் குடும்பம் நேரம் தாழ்த்தித்தான் வரும். பெற்றோர் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடித்தபடி பிள்ளையைக் கொண்டுவர வேண்டும். காயத்தில் தூளோ சாம்பலோ போடக் கூடாது. ஆணுறுப்பின் மொட்டில் துண்டு அறுபட்டிருந்தால், அதை ஈரத்துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வைத்து எடுத்துவாருங்கள். பனிக்கட்டி நேரே படக் கூடாது.

வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உம்மாவின் சகோதரர்களுக்கோ அவர் வழி ஆண் உறவினருக்கோ சிறு காயத்திலும் குருதி நிற்காமல் போனதுண்டா? குருதி உறையாத ஹீமோபீலியா நோய் தாய்வழி வருவது. அந்நோய் இருப்பது சுன்னத்தின்போதே முதன்முதலாகத் தெரியவரும் பிள்ளைகளும் உண்டு. அதேபோல், சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்புறத்தில் இருந்தால் கத்தியை எடுக்கவே வேண்டாம். பின்னாளில் அந்தத் துவாரத்தைச் சீராக்க அதே முன்தோல்தான் சத்திரசிகிச்சை நிபுணருக்குத் தேவைப்படலாம்.

ஒஸ்தாமாரைத் தடை செய்யச் சொல்லி நாம் கேட்கவில்லை. தடை போட்டால் வேலை மறைவில் நடக்கும், காயமும் மறைவில் கிடக்கும். கிருமிநீக்கம் செய்த கருவி, பயிற்சி, பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில் பதிவு ஆகியவையே எமது கோரிக்கை. கொர்தோவாவின் அல்ஸஹ்ராவி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமது சத்திரசிகிச்சை நூலில் சுன்னத்துக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கி, கருவிகளை ஒப்பிட்டு, கத்தரிக்கோல் முறையைத் தெரிந்தெடுத்தார். முறையைச் சோதித்துத் திருத்துவது எமது மரபிலேயே உள்ளது. வைத்தியசாலை என்றால் ஆபத்தே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் டாக்காவில் ஐந்து வயதுப் பிள்ளையொன்று, சுன்னத்துக்காகக் கொடுத்த முழு மயக்கத்திலிருந்து மீளாமலே மௌத்தானது.

பெண் பிள்ளைகளுக்குச் செய்வதை இதனோடு சேர்த்துப் பேச இடமில்லை. வைத்தியர்கள் அதில் ஈடுபடக் கூடாதென்று 2018இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது. அதை நாம் முழுமையாக ஆதரிக்கிறோம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் தையல் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் விடுதிக் கணக்கில் வருவதில்லை. எனவே கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை உட்பட இக்கரையோர வைத்தியசாலைகள் அனைத்திலும் இதற்கெனத் தனிப் பதிவேடு வைக்கக் கோருகிறோம். வயது, வெட்டிய நாள், வெட்டிய இடம், செய்தவர் ஒஸ்தாவா வைத்தியரா, என்ன சிக்கல், என்ன சிகிச்சை ஆகியவை அதில் இருக்கட்டும். பிள்ளையின் பெயரும் வேண்டாம், வெட்டியவரின் பெயரும் வேண்டாம். பெயர் எழுதுவார்கள் என்று தெரிந்தால் வாப்பா பிள்ளையைக் கொண்டுவரமாட்டார்.