மதுவுக்குப் பிணை நிற்பவர் யார்?

மும்பைத் தமிழரின் அன்றாடப் பேச்சில் 'ஜாமீன்' என்பது சிறையிலிருந்து வெளியே வருவதைக் குறிக்கும். அச்சொல்லின் அரபு மூலமோ ஒரு மனிதரைக் குறிப்பது: பிறருக்காகப் பொறுப்பேற்று நிற்பவர். தமிழின் 'பிணை' கட்டுதலிலிருந்து பிறந்தது. 'புணை' என்ற பழஞ்சொல்லுக்குத் தெப்பம் என்றும் பொருள் உண்டு, ஈடு என்றும் பொருள் உண்டு. ஒருவர் தவறினால் மூழ்கப்போவது யார், அவருக்குத் தெப்பமாவது யார் என்பதே பிணை குறித்த அடிப்படைக் கேள்வி. மது விற்பனையில் இக்கேள்விக்கு நம் சட்டங்கள் தரும் விடை குறைபாடுடையது. வடாலாவின் வரலாறு அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் மது மறைந்துவிடவில்லை, இடம் மாறியது. வடாலா, ஆண்டாப் ஹில், கோக்ரி ஆகர், தாராவி ஆகிய பகுதிகளின் உப்பளங்களும் சதுப்பு நிலங்களும் ரயில் பாதையோரங்களும் 'ஹாத்பட்டி' எனப்படும் கைக்காய்ச்சல் சாராயத்திற்கு வசதியாக அமைந்தன. ரயில் நிலையத்தில் சுமைதூக்கியாக வாழ்க்கையைத் தொடங்கிய வரதராஜன் முதலியார் இப்பகுதியின் சாராயத் தொழிலைக் கையில் எடுத்து வளர்ந்த கதை ஊரறிந்தது. பின்னர் மதுவிலக்கு தளர்ந்தது. 1973இல் நாட்டுச் சாராய விதிகள் வந்தன. உரிமம் பெற்ற கடைகள் முளைத்தன. 'பெர்மிட் ரூம்' என்ற பெயர்ப்பலகை மட்டும் அந்தக் காலத்தின் எச்சமாக இன்றும் தொங்குகிறது.

அச்சட்டமும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அதன்கீழ் இருவகை மனிதர் அரசுக்கு வாக்குறுதி அளிக்கின்றனர். முதலாமவர் உரிமதாரர். நிபந்தனைகளைக் கடைப்பிடிப்பதாக உறுதியளித்து, கட்டணம் செலுத்தி, கடை திறக்கிறார். தவறினால் உரிமம் போகலாம். இரண்டாமவர் உரிமமின்றி விற்பதை வழக்கமாகக் கொண்டவர் என்று நடுவருக்குத் தகவல் கிடைத்த ஒருவர். 93ஆம் பிரிவின்படி, மூன்று ஆண்டுகள் வரையிலான காலத்திற்கு நன்னடத்தைப் பிணைமுறி எழுதித் தரும்படியும், அதற்குப் பிணையாளர்களைக் கொண்டுவரும்படியும் அவருக்கு ஆணையிட முடியும். பணமுள்ள வணிகரிடம் சொந்த உறுதிமொழி போதுமென்று கருதும் சட்டம், குடிசையில் பாட்டில் விற்கும் பெண்ணிடம் அவளுக்காகப் பொறுப்பேற்கும் இன்னொரு மனிதரைக் கேட்கிறது.

அந்த இன்னொரு மனிதர் எங்கிருந்து வருவார் என்பதில்தான் சிக்கல். பிணையாளருக்கு முகவரி வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும், சொத்துக்கோ சம்பளத்துக்கோ சான்று வேண்டும். திருநெல்வேலியிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்து, துறைமுக நிலத்தில் ஓலையும் தகரமும் கொண்டு வீடு கட்டியவரின் உறவினருக்கு இவை எளிதில் வாய்ப்பதில்லை. 1978இல் மோத்திராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே எதிர்கொண்டது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்கப்பட்டது. சகோதரர் முன்வந்தபோது அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என்று மறுக்கப்பட்டது. தொலைதூர மாநிலத்தில் பிடிபடும் ஒரு தமிழரோ மலையாளியோ உள்ளூர்ச் சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவார் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் கேட்டு, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையிலேயே அந்தக் கொத்தனாரை விடுவிக்கச் செய்தார். உள்ளூர்ப் பிணையாளரை வற்புறுத்த வேண்டாம் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அதே அறிவுரை தேவைப்பட்டிருக்கிறது.

பிணையாளர் கிடைத்துவிட்டார் என்றே கொள்வோம். பிணைமுறி மீறப்பட்டால் பணம் யாருக்குச் செல்லும்? அரசுக்கு. இது காலனிய ஆப்காரி முறையின் மிச்சம். அன்று குத்தகைக்காரரிடம் வாங்கப்பட்ட ஈடு குத்தகைத் தொகையைக் காக்கவே வாங்கப்பட்டது. குடியால் கணவனை இழந்த மனைவியோ, கூலியை இழந்த குடும்பமோ அந்தத் தாளில் எங்கும் தரப்பினராக இல்லை. அந்நிலை இன்றும் மாறவில்லை.

வேறுவிதமாகவும் எண்ணியிருக்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 1874இல் இயற்றிய சட்டம், மதுக்கடை உரிமம் கேட்பவர் 3,000 டாலருக்குப் பிணைமுறி தர வேண்டும் என்றது. நிலவுடைமையுள்ள இருவர் பிணை நிற்க வேண்டும். அந்த மது விற்பனையால் உடலுக்கோ சொத்துக்கோ பிழைப்புக்கான ஆதாரத்துக்கோ இழப்பு நேர்ந்த எவருக்கும் ஈடு செய்வோம் என்பதே பிணையின் நிபந்தனை. 'பிழைப்புக்கான ஆதாரம்' என்ற சொற்கள் கவனிக்கத்தக்கவை. குடிப்பவரின் மனைவி அச்சொற்களின் வழியே சட்டத்திற்குள் நுழைந்தாள். அங்கே பிணை கேட்கப்பட்டது வசதியுள்ள விற்பனையாளரிடம். அதன் பயன் சென்றது பாதிக்கப்பட்டவருக்கு. மும்பையில் இரண்டும் தலைகீழாக உள்ளன.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். உரிமதாரர் மீது பிணைச்சுமை ஏற்றினால் மதுவின் விலை உயரும், ஏழைகள் மீண்டும் ஹாத்பட்டியை நாடுவர் என்பது முதல் மறுப்பு. மதுவிலக்குக் காலத்தைக் கண்ட எந்த வடாலாவாசியும் இதைப் புறக்கணிக்க மாட்டார். ஆனால், விற்றுமுதலுக்கு ஏற்ற சிறு தொகையும் தவறிழைக்காதோருக்குப் படிப்படியான சலுகையும் இச்சிக்கலைத் தணிக்கும். எந்தக் கடையின் மது எந்தக் குடும்பத்தைக் கெடுத்தது என்று நிறுவ முடியாது என்பது இரண்டாவது. பல ஆண்டுக் குடிக்கு இது பொருந்தும். சிறார்க்கு விற்றது, போதை தலைக்கேறியவருக்கு மேலும் ஊற்றி வண்டியோட்ட விட்டது போன்ற நிகழ்வுகளுக்குப் பொருந்தாது. அவற்றில் கடையும் தெரியும், நேரமும் தெரியும்.

நச்சுச்சாராயத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2015 ஜூனில் மும்பை மால்வணியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் இறந்தோர் 65க்கும் மேல். கொன்றது மெத்தனால். அது குடிசையில் காய்ச்சப்படும் பொருளன்று. தொழிற்சாலையில் உருவாகி, கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட வேண்டிய வேதிப்பொருள். அப்படியிருக்க, கடைசிக் கையான சில்லறை விற்பனையாளரிடம் மட்டும் நன்னடத்தைப் பிணை கேட்பது ஆற்றின் வாயை விட்டுவிட்டுக் குடத்திற்கு மூடி தேடுவதாகும். கள்ளக்குறிச்சிக் குடும்பங்களுக்குத் தமிழக அரசு தலா பத்து லட்சம் ரூபாய் அறிவித்தது. அது கருவூலப் பணம். அதாவது, யாரும் கேளாமலே, கையெழுத்திடாமலே, வரி செலுத்தும் மக்கள் அனைவரும் மெத்தனால் வணிகத்திற்குப் பிணையாளராயினர். டாஸ்மாக் வழியே 2003 முதல் சில்லறை விற்பனையைத் தானே நடத்தும் ஓர் அரசிடம், அதன் சொந்த விற்பனையின் விளைவுகளுக்குப் பிணை எங்கே என்று கேட்பதும் நியாயமே.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. 93ஆம் பிரிவின் பிணை சொந்தப் பிணைமுறியாகச் சுருங்க வேண்டும். பிணையாளர் கிடைக்காத வறுமை குற்றமாகக் கூடாது. உரிமதாரரும் மெத்தனால் கையிருப்பாளரும் பாதிக்கப்பட்டோர் பெயரில் பிணை தர வேண்டும். அப்பிணையிலிருந்து இழப்பீடு கோரும் உரிமை குடும்பத்தாருக்கு நேரடியாக வாய்க்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் இதற்கு ஒரு தொடக்கம் ஏற்கெனவே உண்டு. ஒரு பகுதியின் பெண் வாக்காளரில் பாதிக்கு மேற்பட்டோர் 'ஆட்வீ பாட்லி', அதாவது படுத்த பாட்டில் சின்னத்துக்கு வாக்களித்தால் அங்குள்ள மதுக்கடையை மூடலாம். கடையை மூடச் சொல்லும் தகுதி அப்பெண்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட அரசு, கடை திறந்திருக்கும் நாள்களின் இழப்புக்குக் கணக்குக் கேட்கும் தகுதியும் அவர்களுக்கு உண்டு என்பதை மறுக்க முடியாது.