காலியாகும் மாணவர் வரிசைகள்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: திரு. சார்லி பேக்கர் அவர்கள், தலைவர், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், இண்டியானாபொலிஸ்.



அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கால்பந்து அரங்குகளில் மாணவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதி, ஆட்டம் தொடங்கும்போது அரைகுறையாக நிறைந்து, இடைவேளைக்குப் பின் மெல்லக் கலைந்து, நான்காம் கால்பகுதியில் வெறும் பலகை வரிசைகளாக எஞ்சுவது நிர்வாகங்களை நெடுநாளாகக் கவலைப்படுத்தி வருகிறது. இதற்குச் சொல்லப்படும் காரணங்களான கைப்பேசி, வீட்டிலுள்ள பெரிய திரை, பொறுமையற்ற தலைமுறை ஆகிய மூன்றும் மாணவரை நோக்கியே விரல் நீட்டுகின்றன. மாணவரின் நேரத்தைத் தொலைக்காட்சிக்கும் அவர்கள் நின்றிருந்த இடத்தை நன்கொடையாளருக்கும் விற்றுவிட்டு, மிச்சமிருப்பதை ‘ரசிகர் அனுபவம்’ என்ற பெயரில் அலங்கரித்து அவர்களையே மீண்டும் அழைப்பதில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது என்பது இம்மடலின் வாதம்.

என்.சி.ஏ.ஏ. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் தங்கள் சங்கம் 1906இல் தோன்றி, இன்று ஏறத்தாழ 1,100 கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் உறுப்பினர்களாகக் கொண்டு, ஆட்ட விதிகளையும் வீரர்களின் தகுதி வரையறைகளையும் வகுத்து வருகிறது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லைக்குள் முன்னேறும் அமெரிக்கக் கால்பந்தே அதன் பெரிய உறுப்பினர்களுக்கு மிகுதியான வருவாய் ஈட்டித்தரும் ஆட்டமாகும்; லட்சம் பேருக்கு மேல் அமரக்கூடிய கல்லூரி அரங்குகள் அந்நாட்டில் பல உள்ளன.

இத்தகைய மடல் தமிழில் எழுதப்படுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்திய மாணவர்கள் 3,31,000க்கும் மேற்பட்டோர். கல்விக்கடன் வாங்கித் தமிழ்நாட்டிலிருந்து சென்றோரும் அவர்களுள் அடங்குவர். பல அரசுப் பல்கலைக்கழகங்களில் பருவந்தோறும் வரும் கட்டணப் பட்டியலில், உடல்நல மையம், பேருந்து போன்றவற்றுக்கான தொகைகளோடு விளையாட்டுத் துறைக்கான தொகையும் சேர்ந்தே வருகிறது. அரங்கின் வாசலை ஒருநாளும் மிதிக்காத மாணவரும் அதைக் கட்டியே ஆக வேண்டும். விளையாட்டுத் துறை வருவாயில் எவ்வளவு பங்கு மாணவர் கட்டணத்திலிருந்து வரலாம் என்பதற்கு வர்ஜீனியா மாநிலம் 2015இல் சட்டத்தின் வழியாகவே உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. ஆகவே ஈரோட்டிலோ திருநெல்வேலியிலோ வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்த பெற்றோருக்கும் அந்தக் காலி இருக்கைகளில் சிறு பங்கு இருக்கக்கூடும்.

வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் 2014இல் திரட்டிய கணக்கின்படி, முதல்நிலைக் கால்பந்துப் பிரிவில் மாணவர் வருகை 2009ஆம் ஆண்டைவிட 7.1 விழுக்காடு குறைந்திருந்தது. கால்பந்தைக் குலதெய்வம்போல் கொண்டாடும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலேயே, நான்கு பருவங்களில் மாணவர் பகுதியின் ஏறத்தாழ 39 விழுக்காடு காலியாக இருந்தது. 2018இல் அப்பிரிவின் சராசரி வருகை, மாணவரையும் பொதுமக்களையும் சேர்த்து, 41,856ஆக இறங்கியது. அதுவரையிலான 22 ஆண்டுகளில் அதுவே மிகக் குறைவானது. இந்த எண்களும் முழு உண்மையைச் சொல்வதில்லை. ‘அறிவிக்கப்பட்ட வருகை’ என்பது பெரும்பாலும் விற்றதும் இலவசமாகக் கொடுத்ததுமான சீட்டுகளின் கூட்டுத்தொகையே தவிர, வாசலில் ஸ்கேன் செய்யப்பட்ட சீட்டுகளின் எண்ணிக்கை அன்று. முதல்நிலைப் பிரிவில் நீடிக்க ஒரு பல்கலைக்கழகம் சராசரியாக 15,000 பார்வையாளரைக் காட்ட வேண்டும் என்று தங்கள் சங்கத்தின் விதி முன்பு கூறியது. வந்தோரைக் காட்டினாலும் போதும், விற்ற சீட்டைக் காட்டினாலும் போதும் என்பது அவ்விதி தந்த சலுகை. 2023இல் அந்த விதியும் நீக்கப்பட்டது. எத்தனை மாணவர் வந்தனர் என்பதோ பொதுவாகத் தனியே வெளியிடப்படுவதில்லை.

நேரம் எவ்வாறு விற்கப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1950களிலிருந்து தங்கள் சங்கம், தொலைக்காட்சியில் காட்டப்படும் கல்லூரி ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி வந்தது. வீட்டிலேயே ஆட்டத்தைப் பார்க்க முடிந்தால் அரங்குக்கு யார் வருவார் என்ற அச்சமே அதற்குக் கூறப்பட்ட நியாயம். ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களின் தரப்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் அந்த நியாயத்தை ஏற்க மறுத்து, அக்கட்டுப்பாடு போட்டிச் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒளிபரப்பு உரிமை, கான்பரன்ஸ் எனப்படும் பல்கலைக்கழகக் குழுமங்களின் கைக்குச் சென்றது. சட்டத்தின் கண்ணில் தோற்ற அந்த அச்சம், அரங்கின் படிக்கட்டுகளில் இன்று ஓரளவு மெய்ப்பட்டுவிட்டது.

அறுபது நிமிட ஆட்டம் முடிய ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகிறது. ஆட்டம் நின்றதும் மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் சிவப்புத் தொப்பி அணிந்த ஊழியர் ஒருவர் சில அடிகள் உள்ளே வந்து நிற்கிறார். அவர் அங்கே நிற்கும்வரை ஒளிபரப்பில் விளம்பரம் ஓடுகிறது என்று பொருள். ஆட்டக்காரர் இருபத்திருவரும் இடுப்பில் கைவைத்துக் காத்திருக்க, நடுவர்கள் பந்தருகே காத்திருக்க, அவர் விலகிய பிறகே ஆட்டம் தொடர்கிறது. வீட்டிலிருப்பவர் அந்த இடைவெளியில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார். செப்டம்பர் வெயிலில் நிழலற்ற பலகையில் நிற்கும் மாணவரோ சிவப்புத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆட்டத்தைச் சுருக்குவதற்காக 2023இல் கடிகார விதி திருத்தப்பட்டு, புதிய முயற்சித் தொடர் கிடைக்கும்போது கடிகாரத்தை நிறுத்தும் பழக்கம், ஒவ்வொரு பாதியின் இறுதி இரண்டு நிமிடங்கள் நீங்கலாகக் கைவிடப்பட்டது. ஆக, குறைக்கப்பட்டது ஆட்டமே. விளம்பரத்தை அத்திருத்தம் தொடவில்லை. அடுத்த ஆண்டே, அந்த இறுதி இரண்டு நிமிடங்களுக்கு முன் கட்டாய நிறுத்தம் ஒன்று விதிநூலில் சேர்க்கப்பட்டு, விளம்பரங்களை அமைத்துக்கொள்ள ஒளிபரப்பாளருக்கு உறுதியான ஓர் இடம் கிடைத்தது.

ஆட்டம் தொடங்கும் நேரமும் மாணவர் கையில் இல்லை; பல்கலைக்கழகத்தின் கையிலும் இல்லை. எந்த ஆட்டம் எந்நேரத்துக்கு என்பதை ஒளிபரப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் 12 நாட்களுக்கு முன்புதான் முடிவு செய்கின்றன. சில வாரங்களில் அது 6 நாட்களாகச் சுருங்குகிறது. சனிக்கிழமை பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர் தம் பணிமுறையை இதற்கேற்ப மாற்றிக்கொள்வது எளிதன்று. ஓஹையோ, மிச்சிகன் பகுதிகளின் பல்கலைக்கழகங்கள் இடம்பெறும் மிட்-அமெரிக்கன் குழுமம், நவம்பர் மாதத்தில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுவதையே வழக்கமாக்கிக்கொண்டுள்ளது. மற்ற குழுமங்கள் ஆடாத நாட்களில் ஆடினால் நாடு முழுதும் பார்க்கும் என்பது கணக்கு. மறுநாள் காலை வகுப்புள்ள மாணவர் உறைபனியில் வந்து நிற்காததைக் கண்டு வியப்படைவோரைக் கண்டுதான் வியப்படைய வேண்டும்.

இவ்வாறு நேரத்தை இழந்த மாணவரை இருத்திவைக்க எடுக்கப்பட்ட முயற்சிகளுள் அலபாமா பல்கலைக்கழகத்தின் முயற்சி தனித்துக் கவனிக்கத்தக்கது. அணி தொடர்ந்து வென்று வந்த காலத்திலேயே மாணவர்கள் பாதியில் எழுந்து போவதைப் பயிற்சியாளர் நிக் சேபன் வெளிப்படையாகக் குறைகூறி வந்தார். 2019இல் அப்பல்கலைக்கழகம் ஒரு செயலியை அறிமுகப்படுத்தியது: கைப்பேசியின் இருப்பிடத்தைக் கொண்டு, உள்ளூர் ஆட்டத்துக்கு வந்த மாணவருக்கு 100 புள்ளிகளும், நான்காம் கால்பகுதிவரை இருந்தவருக்கு மேலும் 250 புள்ளிகளும் வழங்கப்பட்டன, புள்ளி மிகுந்தோருக்குப் பருவ இறுதிப் போட்டிகளின் சீட்டில் முன்னுரிமை. வருகைப் பதிவேட்டை வகுப்பறையிலிருந்து அரங்குக்கு நீட்டிய இத்திட்டம் தனியுரிமை பற்றிய கேள்விகளை எழுப்பியது இயல்பே. அதைவிட நோக்கத்தக்கது, வருவதற்குத் தரும் மதிப்பைக் காட்டிலும் போகாமல் இருப்பதற்கு இரண்டரை மடங்கு மதிப்பைத் தந்த அந்த விகிதம். ஆட்டத்தின் பிற்பகுதி தன் பலத்தில் யாரையும் பிடித்துவைக்காது என்ற ஒப்புதல் அதில் அடங்கியுள்ளது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் படிப்பினை வேறு வகையானது. பெருந்தொற்று ஆண்டான 2020 நீங்கலாக, 1975 முதல் ஒவ்வோர் உள்ளூர் ஆட்டத்துக்கும் லட்சம் பேருக்கு மேல் திரளும் அவ்வரங்கில், 2013இல் மாணவரின் ஒதுக்கீட்டு இருக்கைகள் நீக்கப்பட்டு, முதலில் வருவோர்க்கு முதலிடம் என்ற முறை புகுத்தப்பட்டது. தாமதமாக வருவோரைத் திருத்துவது நோக்கம். மூத்த மாணவர்கள் பல ஆண்டுகள் காத்துப் பெற்ற இடம் பறிபோனதாகக் கொதித்தனர். பருவச்சீட்டின் விலை ஏற்றமும் சேர்ந்துகொள்ள, அடுத்த ஆண்டு மாணவர் சீட்டு விற்பனை கடுமையாகச் சரிந்தது. 280 டாலராக இருந்த விலை 2015ஆம் ஆண்டுப் பருவத்துக்கு 175 டாலராகக் குறைக்கப்பட்டது. விளையாட்டுத் துறை இயக்குநரை நீக்கக் கோரி 2014 செப்டம்பர் இறுதியில் மாணவர்கள் வளாகத்தில் பேரணி நடத்தினர்; அடுத்த மாத இறுதியில் அவர் பதவி விலகினார்.

இடம் என்ற பொருளுக்கு வட கரோலினாவில் ஏறத்தாழப் பத்து மைல் இடைவெளியில் உள்ள இரு கூடைப்பந்து அரங்குகளைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் டீன் ஸ்மித் அரங்கு 1986இல் தனியார் நன்கொடைகளால் கட்டி முடிக்கப்பட்டபோது, ஆடுகளத்தையொட்டிய கீழ்வரிசைகளின் உரிமை நன்கொடையாளருக்கு நீண்டகாலத்துக்கு அளிக்கப்பட்டது. 21,000 பேருக்கு மேல் கொள்ளும் அவ்வரங்கு, அணியின் பெருமைக்கு ஏற்ற ஆரவாரம் எழாத இடம் என்ற பெயரை நெடுங்காலம் சுமந்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் கேமரன் அரங்கு 1940இல் திறக்கப்பட்டது. கொள்ளளவு 9,314 மட்டுமே. அங்கே ஆடுகளத்தின் விளிம்பில், பந்தை வெளியிலிருந்து எறிய வரும் எதிரணி வீரரின் முதுகைத் தொட்டுவிடும் நெருக்கத்தில் நிற்பவர்கள் மாணவர்கள். அவர்களுக்குச் சீட்டும் இலவசம். அதே 1986இல் சில மாணவர்கள் இடம்பிடிக்க அரங்கின் வெளியே கூடாரம் அடித்துத் தங்கினர். பயிற்சியாளர் மைக் ஷெஷெவ்ஸ்கியின் பெயரால் அழைக்கப்படும் அக்கூடார ஊர் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் எழுகிறது. கூடாரத்தில் ஆள் இருக்கிறாரா என்று நள்ளிரவிலும் சோதிப்பவர்கள் மாணவர்கள். விதியை எழுதுபவர்களும் மாணவர்களே. டியூக்கிலும் சிறிய ஆட்டங்களுக்கு வரிசை நிறையாத நாட்கள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வாரக்கணக்கில் குளிரில் படுப்பதைத் துன்பமாக அன்றிப் பெருமையாக அவர்கள் கருதுவதற்கு, அந்த ஏற்பாடு தங்களுடையது என்ற உணர்வே காரணம் எனக் கொள்ளலாம்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மாணவர் பகுதி ஆட்டம் முழுதும் நின்றுகொண்டே இருக்கிறது. 1922ஆம் ஆண்டின் ஓர் ஆட்டத்தில் வீரர்கள் அடுத்தடுத்துக் காயமுற்றபோது, பார்வையாளர் வரிசையிலிருந்த கிங் கில் என்ற மாணவர் சீருடை அணிந்து, அழைத்தால் இறங்கத் தயாராக நின்றார் என்ற நினைவே அவ்வழக்கத்தின் மூலம். மாணவர் கூட்டமே பன்னிரண்டாம் ஆட்டக்காரர் எனப்படுகிறது. முழக்கங்களை நடத்தும் ஐவரையும் மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பல அரங்குகளில் அவ்வேலையைப் பெருந்திரையில் ஒளிரும் ‘சத்தமிடுங்கள்’ என்ற கட்டளையும், மாணவர் வாத்தியக் குழுவை அமுக்கிவிடும் ஒலிபெருக்கிப் பாட்டும் எடுத்துக்கொண்டுவிட்டன. வேகமான வை-ஃபையும் 2019க்குப் பின் பரவிய மது விற்பனையும் அரங்குக்கு வேறு பயன் தரலாம். மாணவர் ஏன் எழுந்து போகிறார் என்ற கேள்விக்கு அவை விடையாகா.

2025 ஜூன் மாதம், வீரர்கள் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கைக்குப் பின், பல்கலைக்கழகங்கள் முதல் ஆண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம் என்றாகியுள்ளது. உழைத்தவருக்குக் கூலி கிடைப்பது முறையே. எனினும் அத்தொகையைத் திரட்டும் அவசரத்தில் மேலும் விளம்பரம், மேலும் உயர்விலை இருக்கைகள், மேலும் மாணவர் கட்டணம் என்ற பாதை மிக எளிதாகத் தென்படும்; ஆகவேதான் இம்மடல் இப்போது எழுதப்படுகிறது.

கால்பந்துப் பருவத்தின் ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் தங்கள் கையில் இல்லை என்பது தெரிந்ததே. தங்கள் கையில் இருப்பவை வேறு. வாசலில் ஸ்கேன் செய்யப்பட்ட மாணவர் சீட்டுகளின் எண்ணிக்கையை ஒவ்வோர் உறுப்பினரும் வெளியிடுமாறு செய்யலாம். அதனருகிலேயே அப்பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொருவரும் செலுத்தும் விளையாட்டுக் கட்டணத்தையும் அச்சிடச் செய்யலாம். ஆட்டத்தில் விளம்பர நிறுத்தங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்பதற்கு விதிநூலிலேயே உச்சவரம்பு கொண்டுவரலாம். மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டித் தொடர் தங்கள் சங்கமே நடத்துவது. 2032 வரை நீளும் அதன் ஒளிபரப்பு ஒப்பந்தம் பல நூறு கோடி டாலர் மதிப்புடையது. ஆடுகளத்தையொட்டிய முதல் வரிசைகளை எல்லாச் சுற்றுகளிலும் மாணவருக்கே ஒதுக்கி, அங்கிருந்து தொடங்கலாம்.

2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் மகளிர் வாலிபால் ஆட்டத்துக்குக் கால்பந்து அரங்கில் 92,003 பேர் திரண்டனர். அது ஒரு புதன்கிழமை. அன்று லிங்கன் வளாகத்தில் வகுப்புகள் ரத்து செய்யப்பட்டிருந்தன. நாட்காட்டியை மாணவருக்காக மாற்ற ஒரு பல்கலைக்கழகத்தால் முடிந்தது என்றால், பருவம் முடிந்து கூடும் தங்கள் விதிக்குழுவின் மேசையில் வாக்குரிமையுள்ள மாணவர் இருவருக்கு இடம் தர முடியுமா என்பதே தங்கள்முன் வைக்கப்படும் கேள்வி.

மதிப்புடன்,
தமிழ் வாசகர் சார்பில்.