திருமுக்கூடல் கல்வெட்டு காட்டும் இரண்டு சமஸ்கிருதம்

வாலாஜாபாத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் இருக்கிறது திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோவிலில் வீரராசேந்திர சோழன் கல்வெட்டு ஒன்று உண்டு. அவன் 1063 முதல் 1070 வரை ஆண்டவன். 15 படுக்கை கொண்ட ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்வதால் கல்வெட்டு பெயர் பெற்றது. அதில் ஒரு பள்ளிக்கூடமும் வருகிறது. இருக்கு வேதத்துக்கு 10 மாணவர்கள், யசுர் வேதத்துக்கு 10 பேர், இலக்கணத்துக்கு 20 பேர்!

எல்லாம் சமஸ்கிருதம்தானே, ஏன் இந்தப் பிரிவு? வேதத்தின் மொழி வேறு, பிற்காலத்தில் காளிதாசன் எழுதிய மொழி வேறு. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் இலக்கணம் வகுத்த பாணினியே, தம் காலத்துப் பேச்சுக்கு ஒரு விதியும் வேதத்துக்குத் தனி விதியும் சொன்னார்.

சுரம் தப்பியது, தலை போயிற்று

வேத மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் சுரம் உண்டு. எடுத்தல், படுத்தல், நலிதல் என்று தமிழ் இலக்கணமும் இவற்றைச் சொல்லும். இதற்கு ஒரு பழங்கதை இருக்கிறது. இந்திரனைக் கொல்ல ஒரு மகன் வேண்டும் என்று துவஷ்டா வேள்வி செய்தான். "இந்திர சத்ரு" என்று மந்திரம் சொல்லும்போது சுரம் இடம் மாறிவிட்டது. "இந்திரனைக் கொல்பவன்" என்ற பொருள், "இந்திரனால் கொல்லப்படுபவன்" என்று ஆயிற்று. பிறந்த விருத்திரன் இந்திரன் கையால் மாண்டான். காவிய காலத்தில் இந்தச் சுரமே மறைந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கை. இருக்கு வேதத்தில் நம் 'ள' ஒலி இருக்கிறது. பிந்திய சமஸ்கிருதத்தில் அது இல்லை. பொருளும் மாறியது. வருணன் போன்ற தேவர்களுக்குப் பெருமையாகச் சொன்ன "அசுரன்", பிறகு அரக்கன் ஆனான். தமிழில் நறுமணமாக இருந்த "நாற்றம்" கெட்டுப்போகவில்லையா, அதுபோலத்தான்.

எதற்குப் பணம்?

2020-ல் மூன்று சமஸ்கிருதப் பல்கலைக்கழகங்களை மத்தியப் பல்கலைக்கழகங்களாக்கச் சட்டம் வந்தது. டெல்லியில் இரண்டு, திருப்பதியில் ஒன்று. சமஸ்கிருதத்துக்கு இவ்வளவு பணமா என்று தமிழ்நாட்டில் சண்டை ஓயவில்லை. 2011 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழி என்றவர்கள் நாடு முழுவதும் 24,821 பேர்தான். ஆனால் சண்டை போடும் இரு தரப்பும் இரண்டு சமஸ்கிருதத்தையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். அது சரியல்ல.

காவியமும் இலக்கணமும் அச்சில் இருக்கின்றன, அழியா. ஆபத்து ஓதும் முறைக்குத்தான். ஆயிரத்துக்கு மேல் இருந்த வேதக் கிளைகளில் 13 மட்டுமே மிச்சம் என்கிறது யுனெஸ்கோ. புத்தகம் பார்த்துச் சுரம் வராது. குரு சொல்ல, மாணவன் பல ஆண்டுகள் திருப்பிச் சொல்ல வேண்டும். பல நூற்றாண்டுகளாக ஒரு சாதிப் பையன்களுக்கே அதைச் சொல்லிக் கொடுத்ததால், ஆளும் குறைவு. அந்த வீடுகளிலும் பெற்றோர் இப்போது கேட்பது, ஓதி முடித்தால் என்ன சம்பளம் என்பதுதான். வாலாஜாபாத்தில் பஸ் ஏறினால் ஒரகடத்தில் கார் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன.